ஒரு பிளேயர் காணாது

78 தட்டுக்கு வைக்கிற ஊசி எல்.பி. தட்டுக்கு ஆகாது, எல்.பி. ஊசி 78க்கு ஆகாது. என் வேலையறைக்கு வருகிற ஆட்கள் சுவரோரம் வரிசையாக இருக்கிற ஐந்து வகைப் பிளேயர்களையும் பார்த்துவிட்டு, “ஏன் அண்ணை இவ்வளவு? ஒன்று காணாதோ?” என்று கேட்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்கிறவர்களில் பாதிப்பேர் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் லீவில் வந்தவர்கள். தகப்பன் விட்டுப்போன தட்டுகளை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு, கொழும்புத்துறையில் யோகர் சுவாமிகளின் ஆச்சிரமத்தடியில் வழி கேட்டு வந்து சேர்கிறார்கள். ஊசி என்று தொடங்கினால் வேகம் வரும், வேகம் என்று தொடங்கினால் சுருதி வரும், சுருதி என்று தொடங்கினால் கரண்ட் வரும். கடைசியில் ஐந்து பிளேயருக்கும் ஐந்து கதை சொல்லித்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது சித்தப்பாவின் ஒலிபெருக்கிச் சேவையால். 1970களின் தொடக்கம். பாசையூர் அந்தோனியார் திருநாள், ஊர்க் கோயில் திருவிழா, கலியாணவீடு, சாமத்தியவீடு, வாசிகசாலை ஆண்டு விழா என்று எல்லாவற்றுக்கும் சித்தப்பாவின் செற் போகும். ஒரு அம்பிளிபயர், பனையிலும் பூவரசிலும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்கள், ஒரு மைக், ஒரு மரப்பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் பூட்டிய இரண்டு கராட் எஸ்.பி. 25 பிளேயர்கள். அந்தப் பெட்டிதான் செற்றின் உயிர். பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி வைத்து ஆள் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், ஏறி ஓடக் கூடாது என்பது சித்தப்பாவின் சட்டம்.

ஏன் இரண்டு? 45 வேகத்தில் ஓடுகிற ஈ.பி. தட்டில் ஒரு பாட்டு மூன்று, மூன்றரை நிமிடம். பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கி, தட்டை எடுத்து உறைக்குள் போட்டு, அடுத்ததை உருவித் துடைத்து, ஊசியை வைக்க அரை நிமிடமாவது செல்லும். அரை நிமிடம் குழாய் பேசாமல் இருந்தால் கோயில் வீதியில் நிற்கிற சனம் கரண்ட் போட்டுது என்று நினைக்கும். உபயகாரர் ஆள் அனுப்புவார். இரண்டு பிளேயர் இருந்தால் ஒன்று பாடுகிறபோதே மற்றதில் அடுத்த தட்டு ஆயத்தமாக இருக்கும். ஹெட்போனைக் காதில் ஒரு பக்கம் வைத்து, பாட்டின் முதல் ஒலி எங்கே தொடங்குகிறது என்று தட்டைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டிப் பார்ப்போம். பிறகு கால் சுற்றுப் பின்னுக்கு இழுத்து, விளிம்பில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு மோட்டரைப் போடுவோம். தட்டுக்கு அடியில் வட்டமாக வெட்டிய வெல்வெற் துணி இருக்கும். அடியில் பிளேயரின் தட்டு சுழலும், மேலே றெக்கோட் விரலுக்கு அடங்கி நிற்கும். முந்தின பாட்டு அடங்குகிற இடத்தில் விரலை எடுத்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். ஒரு குமிழை இறக்கிக்கொண்டே மற்றக் குமிழை ஏற்ற வேண்டும்.

இந்த வித்தையைச் சித்தப்பா கண்டுபிடிக்கவில்லை. வானொலி நிலையங்களில் அறிவிப்பாளருக்குப் பக்கத்தில் இரண்டு டர்ன்டேபிள் இருப்பது உலகம் முழுதும் வழக்கம். இலங்கை வானொலி வர்த்தக சேவையில் எஸ்.பி. மயில்வாகனத்தைக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெறுமை விழாத அந்த ஓட்டத்தை ஊர்க் கோயில் வீதியிலும் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு செற்காரனுக்கும் இருந்தது. இன்றைக்கு டி.ஜே. என்று இரண்டு டர்ன்டேபிளோடு மேடையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. எங்கள் மரப்பெட்டியும் அதே வேலையைத்தான் செய்தது.

எஸ்.பி. 25ஐ ஏன் சித்தப்பா பிடித்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் மோட்டரின் சுழற்சியை ஒரு றப்பர் சில்லு நேரே தட்டின் உள்விளிம்புக்குக் கொடுக்கும். சுவிச்சைப் போட்டவுடன் வேகம் பிடிக்கும். தட்டைக் கையால் பிடித்தாலும் மோட்டர் சளைக்காது. இதில் ஒரு குறை உண்டு. மோட்டரின் அதிர்வும் அதே றப்பர் வழியாக ஏறி வந்து ஊசியில் ஓர் உறுமலாகக் கேட்கும். வீட்டில் நல்ல பெட்டி ஸ்பீக்கரில் போட்டால் அந்த உறுமல் எரிச்சலூட்டும். ஆனால் குழாய் ஸ்பீக்கருக்கு அடிநாதம் வராது. ஆழ்ந்த ஒலிகளைக் குழாய் எடுக்கவே எடுக்காது என்பதால் உறுமலும் அதற்குள்ளேயே அழிந்துபோகும். வெளிவேலைக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. அதே பிளேயரை ஒருவர் தன் வீட்டு ஹோலில் வைத்து வீணைக் கச்சேரி எல்.பி. கேட்கப் போகிறேன் என்றால் வேண்டாம் என்பேன்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. புதுப் பிளேயர் என்பது கனவு. இருக்கிறதைக் கழற்றிப் பூட்டி ஓட்டிய காலம் அது. நான் திருத்தவேலை பழகியதும் அப்போதுதான். 1977க்குப் பிறகு ஜப்பான் செற்றுகள் வந்து குவிந்தன. கூடவே கசற்றும் வந்தது, தட்டுகளின் காலம் முடிந்தது என்றார்கள். யாழ்ப்பாண நகரத்தில் பாட்டுப் பதிகிற கடைகள் முளைத்தன. விரும்பிய பாட்டுகளை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் கசற்றில் பதிந்து தருவார்கள். அப்படி ஒரு கடையில் நானும் கொஞ்சக் காலம் நின்றேன். அங்கேயும் இரண்டு டர்ன்டேபிள். ஒன்றில் ஓடுகிற பாட்டு கசற்றுக்குப் போகிற நேரம் மற்றதில் அடுத்த தட்டைத் துடைத்து வைப்பேன். இல்லாவிட்டால் 60 நிமிடக் கசற்றை நிரப்பப் பொழுது போய்விடும்.

இனி ஊசிக்கு வருகிறேன். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கான ஊசி முனையின் ஆரை ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ மூன்று பங்கு, அதாவது 75 மைக்ரோன் அளவு. 1948இல் வந்த எல்.பி.யின் பள்ளம் மிக ஒடுக்கம். மோனோ எல்.பி.க்கு ஆயிரத்தில் ஒரு பங்கு, பிறகு வந்த ஸ்ரீரியோவுக்கு அதிலும் குறைவாக 18 மைக்ரோன். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் இரண்டு சுவரையும் தொடாமல் அடியில் போய்க் கிடந்து, அங்கே தேங்கியிருக்கிற தூசியை உழுதுகொண்டு போகும். பாட்டு பள்ளத்தின் சுவரில் இருக்கிறது, ஊசி நிலத்தில் நடக்கிறது. பிறகு பாட்டைவிட இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். ஆட்கள் தட்டு பழுது என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். நல்ல தட்டுகள் குப்பைக்குப் போனதற்கு இந்த ஒரு காரணமே பெரிய காரணம்.

சில பிளேயர்களில் புரட்டு ஊசி வரும். ஒரு சின்ன நெம்பைத் திருப்பினால் ஒரு பக்கம் எல்.பி. ஊசி, மற்றப் பக்கம் 78 ஊசி. வீட்டுப் பாவனைக்கு அது நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காட்றிஜ்கள் பெரும்பாலும் 5 கிராம், அதற்கு மேலும் பாரம் கேட்பவை. 78க்கு அந்தப் பாரம் ஒன்றும் செய்யாது. ஒரு நல்ல ஸ்ரீரியோ எல்.பி.க்கு 2 கிராமுக்குக் கிட்டக் கொடுத்தாலே போதும். 5 கிராம் கொடுத்து ஐம்பது தரம் ஓட்டினால் மேல்சுரங்களின் மினுக்கம் தேய்ந்து போகும், திரும்பி வராது. மோனோக் காலத்துக் காட்றிஜ் சிலவற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. ஊசி பக்கவாட்டில் மட்டும் அசையும், மேலுங்கீழும் அசையாது. ஸ்ரீரியோத் தட்டின் பள்ளமோ மேலுங்கீழுமாகவும் வெட்டப்பட்டது. அதில் இந்த ஊசியை வைத்தால் பள்ளத்தையே செதுக்கிவிடும். அதனால் 78க்கு ஒன்று, ஸ்ரீரியோவுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பாரம் கட்டி, பூட்டி, தொடாமல் வைத்திருப்பதுதான் தட்டுக்குப் பாதுகாப்பு. தச்சன் ஒரே உளியோடு வேலைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

78 என்றால் பாட்டன் காலத்துச் சாமான் என்று மட்டும் நினைக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1960ஓடு அந்த வகைத் தட்டு ஓய்ந்துவிட்டது. இந்தியாவிலோ அதற்குப் பிறகும் அச்சடித்தார்கள். பீட்டில்ஸ் பாட்டுக்கூட அங்கே 78இல் வந்தது. எங்கள் வீடுகளில் கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், பாகவதர் தட்டுகளோடு 1960களின் சினிமாப் பாட்டும் 78இல் கிடப்பது அதனால்தான். ஒரு கலெக்‌ஷனில் மூன்று வேகமும் மூன்று ஊசியும் கேட்கிற தட்டுகள் கலந்து கிடக்கும். எந்த ஒரு பிளேயரும் இவை எல்லாவற்றையும் சரியாகப் பாடாது.

ஒரு விசயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். 78 தட்டை ஸ்பிரிற் போட்டுத் துடைக்காதீர்கள். அது அரக்கில் செய்த தட்டு. ஸ்பிரிற் அரக்கைக் கரைக்கும். வைனில் தட்டைத் துடைக்கிற திரவத்தில் அல்ககோல் இருந்தால் அதையும் 78இல் விடக் கூடாது. தண்ணீரில் ஒரு துளி மென்மையான சவர்க்காரம், பஞ்சுத் துணி, நடு லேபிள் நனையாமல் துடைத்து நிழலில் காயவிடுவது. இவ்வளவும் போதும்.

என்னிடம் இருப்பவற்றில் நான் கூட நேரம் செலவழிப்பது லென்கோ எல் 75இல். சுவிற்சர்லாந்தில் பேர்க்டோர்ப் என்ற ஊரில் செய்த பிளேயர். அந்தப் பக்கத்தில் எங்கள் சனம் நிறைய இருக்கிறது. உறவுக்காரப் பெடியன் ஒருவன் அங்கே பழைய சாமான் கடையில் வாங்கி, நாலு கிலோத் தட்டை வேறாகக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். தட்டைக் கழற்றாமல் அனுப்பினால் வழியில் நடு அச்சு அடிபடும். கழற்றச் சொல்லி அவனுக்குத் தொலைபேசியில் மூன்று முறை சொன்னேன். லென்கோவின் சிறப்பு அதன் மோட்டர்த் தண்டு. அது கூம்பாகச் சரிந்து போகும். நிமிர்ந்து நிற்கிற றப்பர்ச் சில்லு அந்தக் கூம்பின்மேல் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ற வேகம். தடித்த பக்கத்துக்குத் தள்ளினால் வேகம் கூடும், மெல்லிய பக்கத்துக்குத் தள்ளினால் குறையும். 33, 45, 78 என்று மூன்று படி மட்டும் அல்ல, நடுவில் உள்ள எந்த வேகமும் அதில் கிடைக்கும்.

இது ஏன் வேண்டும் என்றால், 78 என்று நாம் சொல்கிற தட்டு எல்லாம் 78இல் பதிந்ததல்ல. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு வேகம் வைத்தது. 80இல் பதிந்தவையும் உண்டு, அதற்குக் கீழே 70 வரையும் உண்டு. 80இல் பதிந்ததை 78இல் போட்டால் சுருதி கால் கட்டை அளவுக்கு இறங்கும். சினிமாப் பாட்டுக் கேட்கிறவர் இதைக் கவனிக்காமல் விடலாம். நாதஸ்வரம் கேட்கிறவர் விட மாட்டார்.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் ஒருவர் ராஜரத்தினம்பிள்ளையின் நாதஸ்வரத் தட்டுகளைக் கொண்டு வருவார். கையோடு சுருதிப்பெட்டியும் வரும். ராஜரத்தினம்பிள்ளை திமிரியை விட்டு நீளமான பாரி நாயனத்துக்குப் போனவர். திமிரி நாலு, ஐந்து கட்டையில் பேசும்; பாரி இரண்டு, இரண்டரைக் கட்டை. தட்டு ஓடத் தொடங்கியதும் ஆசிரியர் சுருதிப்பெட்டியை இரண்டரையில் திறப்பார். நான் லென்கோவின் வேகப்பிடியை மயிரிழை மயிரிழையாகத் தள்ளுவேன். “இன்னும் கொஞ்சம்... பொறு, பொறு... திரும்ப வா.” இரண்டு ஒலியும் ஒன்றோடு ஒன்று அடிபட்டு அதிர்வது மெல்லக் குறைந்து, ஓரிடத்தில் அதிர்வே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆசிரியர் பெட்டியை இரண்டுக்கு மாற்றி அங்கேயும் ஒருமுறை பார்ப்பார். எது சரி என்று தீர்க்க நாதஸ்வரத்தின் குரலைக் கேட்க வேண்டும். வேகம் கூடினால் நாயனம் பீப்பீ என்று மெலியும், கமகம் பதறும். குறைந்தால் தவில் சொல் மந்தமாகும். எல்லாம் பொருந்திய இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அந்த வேகத்தை நான் பென்சிலால் உறையின் மூலையில் குறித்து வைப்பேன். அடுத்த முறை இந்தத் தட்டுக்குத் தேடத் தேவையில்லை.

நிலையான வேகம் மட்டும் உள்ள பிளேயரில் இந்த வேலையைச் செய்யவே முடியாது. கணினியில் பதிந்து பிறகு திருத்தலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். திருத்தலாம், நானும் சில தட்டுகளுக்கு அப்படிச் செய்கிறேன். ஆனால் தட்டு ஓடும்போதே சுருதியைப் பிடித்தால் கேட்கிறவரின் காது உடனேயே தீர்ப்புச் சொல்லும். அந்த ஆசிரியரைக் கணினிக்கு முன்னால் இருத்தி “இது சரியா, அது சரியா” என்று கேட்டுப் பார்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

வேகத்தைச் சரிபார்க்க ஒரு கோட்டுத் தட்டு இருக்கிறது. வட்டக் கடதாசியில் கறுப்புக் கோடுகளை வளையமாக அச்சடித்திருக்கும். எங்கள் கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று, அதனால் குழல் விளக்கு செக்கனுக்கு 100 முறை மினுங்கும். 33⅓க்கு 180 கோடும் 78க்கு 77 கோடும் உள்ள வளையம் அந்த வெளிச்சத்தில் அசையாமல் நின்றால் வேகம் சரி. அமெரிக்காவில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவருகிற தட்டு 60 சுற்றுக் கரண்டுக்கு அச்சடித்தது. அதில் 33⅓க்கு 216 கோடு இருக்கும். அதை இங்கே வைத்துவிட்டு வேகம் பிழை என்று குழம்புவார்கள். அங்கே வாங்கின பிளேயரின் மோட்டர்ப் புல்லியும் அப்படித்தான், மாற்றாமல் ஓட்டினால் எல்லாப் பாட்டும் இழுபடும்.

கரண்ட் என்று வந்தால் யாழ்ப்பாணத்துக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்கில் வரவில்லை. பற்றரியும் தடைசெய்த பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற 6 வோல்ற்றில் வானொலியில் செய்தி கேட்ட காலம் அது. என்னிடம் டோச் பற்றரியில் ஓடுகிற சின்னப் பிலிப்ஸ் பிளேயர் ஒன்று இருந்தது. டைனமோ தருவது ஏசி. அதற்கு நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு டிசியாக்கி அந்தப் பிளேயரை ஓட்டினேன். பெடல் சுற்றுகிற பிள்ளை களைத்துப்போனால் பாடகரும் களைத்துப்போவார். இரண்டு பேர் மாறி மாறிச் சுற்றினால் ஒரு பக்கம் கேட்கலாம்.

அந்த நாட்களில் எனக்கு உண்மையில் கைகொடுத்தது எச்.எம்.வி. 102. சாவி கொடுத்து ஓட்டுகிற பெட்டிக் கிராமபோன், கரண்ட் என்பதே அதற்குத் தேவையில்லை. உள்ளே சுருள்வில், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த மூன்று சிறு குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து ஒரு வட்டத்தகட்டை இழுக்கும். தகடு ஒரு தோல் துண்டில் உரசி வேகம் அடங்கும். சாவி முழுதாக ஏற்றினால் ஒரு பக்கம் முழுவதும் சுருதி குலையாமல் பாடும். ஊசி உருக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, பிறகு எறிய வேண்டும். 200 ஊசி வருகிற தகரடப்பாவில் கடைசி ஊசிகளை எண்ணி எண்ணிப் பாவித்தோம். 78 தட்டில் கல்தூள் கலந்திருக்கும். அது உருக்கு முனையைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்குப் பொருத்தமாக்கிக்கொள்ளும். இரண்டாம் பக்கத்துக்கு அதே ஊசியை வைத்தால் தேய்ந்த முனையின் விளிம்பு தட்டை வெட்டும். ஊசியின்மேல் நிற்கிற பாரம் நூறு கிராமுக்கு மேல் என்பதால் வைனில் தட்டை இதில் போட்டால் அன்றோடு அந்தத் தட்டு முடிந்தது. எல்.பி. நிறைய இருந்த வீடுகள் அந்த ஐந்து வருசமும் ஊமையாக இருந்தன. 78 இருந்த வீட்டுக்கு அந்தியில் சனம் வந்து முற்றத்தில் இருக்கும்.

சிலர் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டினார்கள். கலியாணவீடுகளுக்கு அதுதான் கரண்ட். அதில் ஒரு சிக்கல். ஜெனரேற்றர் ஓடுகிற வேகம்தான் கரண்டின் சுற்று எண்ணிக்கை. மணவறை மின்குமிழ்களை ஒன்றாகப் போட்டால் இஞ்சின் இழுபட்டு 50 என்பது 48 ஆகும். கராட்டின் மோட்டரும் கூடவே இறங்கும். நூற்றுக்கு நாலு வீதம் வேகம் குறைந்தால் சுருதி கால் கட்டைக்கும் மேலே இறங்கிவிடும். தாலி கட்டுகிற நேரம் கெட்டிமேளத் தட்டு தொய்ந்துபோவதைக் கேட்க எனக்கு நெஞ்சு பதறும். கோட்டுத் தட்டை வைத்துப் பார்த்தால் வேகம் சரி என்று காட்டும். விளக்கும் அதே கரண்டில்தான் எரிகிறது, இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. கோடு அசையாமல் நிற்கும். காதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இந்த நோய்க்கு மருந்து என்று பல வருசம் கழித்து என் கைக்கு வந்தது டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2. லண்டனில் கலியாணங்களுக்குப் பாட்டுப் போட்டவர் ஒருவர் திரும்பி வரும்போது கொண்டுவந்தார். 1979இல் வந்த மாதிரி அது. பெல்ற்றும் இல்லை, றப்பரும் இல்லை. மோட்டரின் அச்சே தட்டின் அச்சு. வேகத்தை ஒரு குவார்ட்ஸ் படிகம் பிடித்து வைக்கிறது. அதனால் ஜெனரேற்றர் 48க்கு இறங்கினாலும் 52க்கு ஏறினாலும் பாட்டுக்கு ஒன்றும் நடக்காது. 2022இல் பகலில் பாதி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது ஊரில் மீண்டும் ஜெனரேற்றர் சத்தம் கேட்டது. தட்டிலிருந்து கணினிக்குப் பதிகிற என் வேலை நிற்காமல் ஓடியது இதனால்தான். ஆனால் இதில் 78 இல்லை, 33உம் 45உம் மட்டும். ஆகவே லென்கோ போகவும் மாட்டாது, டெக்னிக்ஸ் லென்கோவின் இடத்துக்கு வரவும் மாட்டாது.

ஐந்தாவது தோரன்ஸ் டி.டி. 160. இதை நான் எனக்காக வைத்திருக்கிறேன். பெல்ற் ஓட்டம், தட்டும் கையும் மூன்று வில்லில் மிதக்கும். மோட்டரின் அதிர்வைப் பெல்ற் விழுங்கிவிடும். இரவில் ஸ்ரீரியோ எல்.பி. ஒன்றைப் போட்டால் இசை தொடங்குமுன் உள்ள அமைதி கராட்டில் கிடைக்காத அமைதி. 1978இல் வந்த ‘ப்ரியா’ பாட்டுகளை ஸ்ரீரியோவில் பதிந்தார்கள். இளையராஜா எந்த வாத்தியத்தை எந்தப் பக்கத்தில் வைத்தார் என்று கேட்க வேண்டுமானால் இதில்தான் கேட்க வேண்டும். ஆனால் இதைக் கோயில் வீதிக்குக் கொண்டுபோனால் பலகை மேடையில் யாரும் காலடி வைத்தவுடன் வில் ஆடி ஊசி பாயும். வீட்டிலும் சீமெந்து நிலத்தில்தான் வைத்திருக்கிறேன்.

இனி எங்கள் ஊர்க் காற்று. கொழும்புத்துறைக் கரையில் இருந்து பார்த்தால் கடல்நீரேரிக்கு அப்பால் பூநகரிப் பக்கம் தெரியும். சோளகம் வீசத் தொடங்கினால் மாதக்கணக்கில் உப்பும் மண்ணும் வீட்டுக்குள் வரும். அச்சுக் குழியில் எண்ணெய் கறுக்கும், சுவிச்சில் பாசி பிடிக்கும், காட்றிஜின் நாலு பித்தளை முனையும் பச்சையாகும். றப்பர்ச் சில்லு கல்லாக இறுகும். அதை நன்றாக உரோஞ்சி ஸ்பிரிற்றால் துடைத்தால் இரண்டொரு வருசம் ஓடும், பிறகு புதுசு வேண்டும். தடைக்காலத்தில் தோரன்ஸ் மாதிரிப் பிளேயர்களுக்கு சைக்கிள் ரியூப்பில் வளையம் வெட்டிப் பெல்ற் போட்டிருக்கிறேன். ரியூப்பின் தடிப்பு எல்லா இடமும் ஒன்றல்ல, பாட்டு ஊஞ்சலாடும், ஆனாலும் பாடியது. உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் ஒரு பிளேயர் ஓட வேண்டுமானால் அதே மாதிரி இன்னொன்று பிணமாகவேனும் பக்கத்தில் கிடக்க வேண்டும். என் பின்னறையில் கிடக்கிற கராட்டுகளை மனைவி இரும்புக்குப் போடச் சொல்லுவாள். அவற்றில் இருந்து எடுத்த சுருள்களும் கைப்பிடிகளும் இன்றைக்கு எத்தனையோ வீட்டில் ஓடுகின்றன.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுதும் வெளிக்கிட்டபோது நாங்களும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தோம். பிளேயர் எதையும் தூக்க முடியவில்லை. நான் எடுத்துக்கொண்டது ஊசிகளும் காட்றிஜ்களும் இருந்த பிஸ்கற் தகரம். சுழலுகிற மோட்டர் எங்கேயும் கிடைக்கும், ஊசி கிடைக்காது என்ற கணக்கு. அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தபோது மரப்பெட்டியில் ஒரு கராட் இருந்தது, மற்றது இல்லை. தட்டுகளில் 78கள் பெரும்பாலும் நொறுங்கிக் கிடந்தன. எல்.பி.கள் ஓட்டுக்கு அடியில் வெயிலில் வளைந்து போயிருந்தன. நெளிந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தலாம் என்பார்கள். சில நிமிர்ந்தன, பள்ளத்தில் இருந்த இசை மழுங்கிப்போனது. வளைந்த தட்டை இப்போதும் அப்படியே வைத்து, பாரமான கையுள்ள பிளேயரில் பதிவு எடுத்துவிடுகிறேன். அதற்கென்றே மிஞ்சிய அந்தக் கராட்டை வைத்திருக்கிறேன். மெல்லிய கை தூக்கி எறியப்படுகிற மேட்டிலும் அது அமர்ந்து போகும்.

எங்கள் மண்ணில் பதிந்த தட்டுகளுக்கு இது மிக அவசியம். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப்பிசைத் தட்டுகள் சின்னத் தொகையாகத்தான் அச்சாகின. ஒரு பிரதி கையில் வந்தால் அது கீறியிருந்தாலும் வளைந்திருந்தாலும் அதைத்தான் பாடவைக்க வேண்டும். அடுத்தது வரும் என்று காத்திருக்க முடியாது. அப்படித் தட்டு வந்தால் ஒரே தட்டை இரண்டு மூன்று பிளேயரில் போட்டுப் பார்ப்பேன். ஒரு ஊசி தேய்ந்துபோன ஆழத்தில் ஓடும், இன்னொரு முனை அளவு கொஞ்சம் மேலே, பழைய ஊசிகள் தொடாத சுவரில் ஓடும். அங்கே பாடகரின் குரல் புதுசாகக் கிடந்து வெளியே வரும். கேட்கிற பிள்ளைகளுக்கு நம்ப முடியாமல் இருக்கும். அது மாயம் இல்லை, முனையின் அளவு.

சூட்கேஸ் மாதிரி மலிவான புதுப் பிளேயர்கள் இப்போது இணையத்தில் வருகின்றன. தட்டு கேட்கும் ஆசை இளம்பிள்ளைகளுக்கு வந்தது எனக்கு மெத்தச் சந்தோசம். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் கை பாரமானது, ஊசி சரியில்லாதது என்பதை மட்டும் சொல்லி அனுப்புகிறேன். தகப்பனின் நல்ல தட்டை அதில் போடாதே, கடையில் வாங்கின பழைய தட்டில் பழகு என்பேன்.

பணம் அளவாக வைத்திருக்கிற ஒருவர் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால் தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுவேன். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கும். ஈ.பி.யும் எல்.பி.யுமாக இருந்தால் நல்ல நிலையில் உள்ள பெல்ற் பிளேயர் ஒன்று, இல்லாவிட்டால் நேர் மோட்டர் ஒன்று. அதற்குப் புது ஊசி, 2 கிராமுக்குள் பாரம். 78 பத்துக்கு மேல் இருந்தால் இரண்டாவதாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பழைய பிளேயர் ஒன்று. அதன் காட்றிஜைக் கழற்றவே வேண்டாம். ஆயிரத்தில் மூன்று பங்கு ஊசி ஒன்றை அதில் நிரந்தரமாகப் பூட்டி, இரண்டு சனலின் கம்பியையும் ஒன்றாக இணைத்து மோனோவாக்கி விட வேண்டும். அப்போது மேலுங்கீழுமாக வருகிற இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துவிடும், பாதிக் கரகரப்பு அந்த இடத்திலேயே போகும். 78க்கான ஊசி இப்போதும் புதுசாகச் செய்கிறார்கள்; ஓடியோ ரெக்னிக்காவின் வி.எம். 95 வகைக் காட்றிஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறது, வெளிநாட்டில் இருந்து வருகிற யாரிடமாவது சொல்லி விடலாம். கிராமபோன் கையில் இருந்தால் விற்காமல், ஒவ்வொரு வருசமும் குண்டுகளுக்கும் அச்சுக்கும் தையல் மெசின் எண்ணெய் விட்டு, சுருள்வில்லைத் தளர்த்தி வைத்திருங்கள். ஏற்றிய சாவியோடு வைத்தால் வில் அயர்ந்துபோகும்.